அம்மா சீரியஸ், உடனே புறப்படு

தம்பி, இதை நின்றுகொண்டே படிக்காதே. நீ வேலை பார்க்கும் செல்போன் கடையில் வைத்தும் படிக்காதே. அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து படி. உனக்குத் தமிழ் படிக்க நேரமாகும் என்று தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் உன் அம்மா பாதி அடித்தும் பாதி கொஞ்சியும் சொல்லிக் கொடுத்த தமிழ்தானே உனக்கு வந்தது? அதனால் எழுத்தைப் பெரிதாகவே எழுதுகிறேன். துபாயில், இந்த அல் குசைஸில் இருபது வருடமாக அடுத்தவர்களுக்கு விசா விண்ணப்பம் டைப் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். அரபிக்கும் ஆங்கிலத்துக்கும் விரல் தானாக ஓடும். என் சொந்த மொழியை மட்டும் இந்தக் கடைக் கம்ப்யூட்டரில் அடிக்க வழியில்லை, கையால்தான் எழுதியாக வேண்டும். நீ பதறிவிடாமல் இருக்க முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போது உன் அம்மா அடுப்படியில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். குரலில் ஒரு குறையும் இல்லை.

விஷயம் இதுதான். உன் அம்மாவுக்கு ஆபரேஷன். ஜனவரி மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு. கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். முதலில் கட்டி என்றார்கள், சாதாரணக் கட்டிதான் என்றார்கள். பிறகு ஸ்கேன் பார்த்துவிட்டு, சினைப்பையிலும் ஏதோ தெரிகிறது, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள். உன் படப்பிடிப்பின் கடைசி மூன்று நாளும் அதே வாரத்துத் திங்கள், செவ்வாய், புதன்தான். இந்த வரிக்கு வரும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "மறுபடியுமா?" என்று கேட்பாய். கேட்க உனக்கு எல்லா உரிமையும் உண்டு. அதனால்தான் டாக்டரின் சீட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் இதோடு சேர்த்து அனுப்புகிறேன். பெற்ற தாய்க்கு உடம்பு சரியில்லை என்று மகனுக்குச் சொல்ல ஒரு தகப்பன் அத்தாட்சி இணைக்க வேண்டியிருக்கிறதே என்று இரண்டு நாளாக எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்தை நானேதான் தேடிக்கொண்டேன்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ பிறப்பதற்கு முன்பு நான் அபுதாபி பக்கம் ருவைஸில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே நான் செய்த இன்னொரு வேலை உனக்குத் தெரியாது. இரண்டு வருட ஒப்பந்தம் முடியும்வரை யாருக்கும் லீவு கிடையாது. தங்கைக்குக் கல்யாணம் என்றாலும், பிள்ளை பிறந்திருக்கிறது என்றாலும் மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார். ஊரிலிருந்து தந்தி வர வேண்டும், அதில் தாயோ தகப்பனோ சாகக் கிடக்க வேண்டும், அப்போதுதான் எமர்ஜென்சி லீவு. அதனால் கேம்ப்பில் இருந்த நம் ஆட்களெல்லாம் ஊருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, இன்ன தேதியில் இன்ன மாதிரி தந்தி கொடுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் தந்தி வாசகத்தை எழுதிக் கொடுப்பது என் வேலை. 'மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி.' எத்தனை பேருக்கு எழுதினேன் என்று நினைவில்லை. யாருக்கும் அது பாவமாகவே தோன்றவில்லை. கம்பெனிக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். லீவு விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் மாதிரி, அவ்வளவுதான்.

என் அறையில் சுடலைமுத்து என்று ஒரு வெல்டர் இருந்தான், விளாத்திகுளத்துக்காரன். பிறந்த மகளைப் பார்க்க வேண்டுமென்று ஒரு வருடம் அந்தத் தந்தியை வரவழைத்துப் போய் வந்தான். மறு வருடம் அவன் கேட்காமலேயே ஒரு தந்தி வந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அவர் பைலைத் திறந்து பழைய தந்தியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "பிச்லே சால் பீ மா, இஸ் சால் பீ மா? மாஃபி லீவ்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். போன வருடமும் அம்மா, இந்த வருடமும் அம்மாவா, லீவு கிடையாது என்று அவர் சொன்னதில் தப்பும் இல்லை. சுடலைமுத்து சண்டை போடவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனான். ஒன்பதாம் நாள் அடுத்த தந்தி வந்தது. அன்றைக்கு அவன் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அண்ணே, போன வருசம் நீங்க எழுதுன இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே. அதான் அவருக்கு மறக்கல." குத்திக் காட்டுவதற்காக அவன் அதைச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்தான். இதெல்லாம் தெரிந்த ஆள்தான் தம்பி நான். தெரிந்தும்தான் உன்னிடம் அதைச் செய்தேன்.

உன் படத்தைப் பற்றி நான் என்ன நினைத்தேன் என்று நீ கேட்டதே இல்லை, நானாகவும் சொல்லவில்லை. உனக்குப் பத்து வயதிருக்கும்போது எதிர் பிளாட்டில் பிறந்தநாள் விழா. அவர்கள் வீட்டு ஹேண்டிகேமை உன் கையில் கொடுத்து, "நீ எடுடா" என்றார்கள். கேக் வெட்டியதை விட்டுவிட்டாய். காரிடாரில் விட்டு விட்டு எரிந்த டியூப்லைட்டையும், அதற்குக் கீழே கழற்றிப் போட்டிருந்த செருப்புகளையும் அரை மணி நேரம் எடுத்து வைத்திருந்தாய். எதிர் வீட்டம்மாவுக்கு வந்த கோபத்தில் நான் உன்னை அறைந்தேன். அன்றைக்கு அந்த டேப்பை அவர்கள் டிவியில் போட்டபோது, அந்தச் செருப்புகளைப் பார்க்க எனக்கு என்னவோ பயமாக இருந்தது. வீட்டுக்குள்ளே ஏதோ நடந்துவிட்டது, யாரும் வெளியே வரப்போவதில்லை என்பது போல இருந்தது. அதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். அறைந்ததோடு விட்டுவிட்டேன். பிறகு கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்று டப்ளினுக்குப் போனாய். ஷேன் என்று ஒருவன் கதை எழுதுகிறான், அவனே இயக்குகிறான், கேமரா நான் என்று நீ போனில் சொன்னபோது, ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் மேற்படிப்பு படிக்கிறான் என்று சொல்லி வைத்தேன். அது நான் உன் விஷயத்தில் சொன்ன முதல் பொய். சின்னது என்று நினைத்துக்கொண்டேன்.

நீ அனுப்பிய கதையைக் கடையில் பிரிண்ட் எடுத்து முழுவதும் படித்தேன். துறைமுகத்தில் மூடிக்கிடக்கும் மீன் கொட்டகைக்கு ஒரு காவலாளி. தம்பி செய்த கொலையை மறைக்கப் போய், தன்னைச் சுற்றி இருப்பவர்களை ஒவ்வொருவராக இழக்கிறான். தொண்ணூறு பக்கத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, எல்லாப் பக்கத்திலும் மழை. பக்கத்து மேஜை ஹமீது எட்டிப் பார்த்துவிட்டு, "சேட்டா, இதில் ஒரு நாளும் விடியுகயில்லல்லோ" என்றார். உன் அம்மா, "முழுசா படிக்க வேண்டாம், யாரு கொன்னான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "அந்தத் தம்பிக்காரன நல்லாப் பெத்தா ஒருத்தி" என்று அரை மணி நேரம் கோபமாக இருந்தாள். எனக்குக் கதையைவிட நீங்கள் படம் எடுத்த விதம்தான் கலக்கமாக இருந்தது. மொத்தம் ஒன்பது பேர், ஒருவருக்கும் சினிமா தொழிலில்லை. காவலாளியாக நடிப்பவர் பஸ் ஓட்டுகிறார், லீவு போட்டு வருகிறார். ரோடு போடுகிறவர்களிடம் இரவல் வாங்கிய விளக்கு. ஷேனின் அம்மா ஒரு பெரிய பாத்திரத்தில் சூப் கொண்டுவருகிறார். முக்கியமான காட்சியெல்லாம் அயர்லாந்தின் தெற்கே கார்க் பக்கம் ஒரு சின்ன ஊரில், அந்த நிஜ மீன் கொட்டகையில். அதை விற்றுவிட்டார்கள், சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் மூன்று நாள் மட்டும் உள்ளே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த மூன்று நாள் பதிமூன்று மாதத்துக்கு முன்னால், டிசம்பரில் வந்தது.

அதே வாரத்தில்தான் நீ துபாயை விட்டுப் போய் ஆறு மாதம் முடிந்தது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா செத்துவிடும் என்பது இங்கே வாழ்கிற குழந்தைக்கும் தெரியும். என் தொழிலே அதுதான். யாருக்கு எந்தத் தேதிக்குள் திரும்பி வர வேண்டும் என்று காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு, போன் செய்து நினைவூட்டுகிறவன் நான். நூற்று எண்பத்து மூன்றாவது நாள் வந்திறங்கிய ஒரு பெண்ணை ஏர்போர்ட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற அவளுடைய அம்மாவை நான்தான் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தேன். அவளுடைய எல்லா விண்ணப்பமும் நான் அடித்தது. அந்தக் கண்ணாடி என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. இரண்டு வயதில் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த பிளாட்டில் இறக்கினோம். உன் பள்ளிக்கூடம் இங்கே, உன் கட்டில் இங்கே. அந்த விசா முத்திரை போய்விட்டால் உன் சொந்த வீட்டுக்கு நீ விருந்தாளியாக வர வேண்டும். இரண்டு நாள் வந்து உள்ளே நுழைந்துவிட்டுப் போ என்று கெஞ்சினேன். நீ, "அப்பா, இந்த த்ரீ டேஸ் மட்டும் முடியவே முடியாது. லொகேஷன் வேற கிடைக்காது. விசா போனா போட்டும்பா" என்றாய். போனால் போகட்டும் என்று நீ சொன்னது அன்றைக்கு முழுவதும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்கே டிக்கெட் எடுத்தேன். மறுநாள் காலை கடையிலிருந்து உனக்குப் போன் போட்டேன்.

"அம்மா சீரியஸ். ஐ.சி.யூ.ல இருக்கா. உடனே புறப்படு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை தம்பி. ருவைஸில் எழுதிய அதே வாசகம் தமிழில் வாய்க்கு வந்துவிட்டது. என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று நீ கேட்கவில்லை. "டிக்கெட்?" என்றாய். "எடுத்தாச்சு" என்றேன். அந்தப் பேச்சில் அது ஒன்றுதான் உண்மை. போனை வைத்தபோது ஹமீது டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சேட்டா, வேற ஒரு காரணமும் கிட்டியில்லே?" என்று கேட்டார். பிள்ளையின் நன்மைக்குத்தான் என்றேன். அவர் மறுபடி அடிக்க ஆரம்பித்தார். அவருடைய முகத்தைப் பார்த்த அந்த நிமிடத்திலேயே உன்னை மறுபடி கூப்பிட்டிருக்கலாம். நீ ஏர்போர்ட்டுக்கு ரயில் ஏறுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. கூப்பிடவில்லை.

உன் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. விசாவுக்காக வருகிறான் என்று மட்டும் சொல்லியிருந்தேன். காலையில் எழுந்து உனக்குப் பிடித்த கூட்டாஞ்சோறு செய்து வைத்துவிட்டு, பூ வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி ஏர்போர்ட்டுக்கு வந்தாள். நீ வெளியே வந்ததை இப்போதும் பார்க்கிறேன். பூட்ஸில் சேறு காய்ந்திருந்தது, பையின் பக்கவாட்டில் ஒரு கறுப்பு டேப் சுருள் தொங்கியது. முகம் கழுவி எத்தனை நேரம் ஆகியிருந்ததோ. அம்மாவைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாய். "எப்பம்மா டிஸ்சார்ஜ் பண்ணாங்க? ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க" என்றாய். அவள் சிரித்தாள். "யாரய்யா டிஸ்சார்ஜ் பண்ணாங்க? எனக்கு என்ன?" என்றாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் டிராலி தேடுகிறவன் மாதிரி வேறு பக்கம் பார்த்தேன். நீ கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் அடிச்சாச்சுப்பா. கலாஸ். உங்க வேலை முடிஞ்சுதுல்ல?" என்று மட்டும் கேட்டாய். கார் வீடு வந்து சேரும்வரை அம்மா உன் கையை விடவே இல்லை.

நீ திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது கொட்டகையின் சாவி கைமாறிவிட்டது. ஷேன் தானே கேமராவைப் பிடித்து எடுத்துப் பார்த்தானாம், ஒன்றும் சேரவில்லையாம். பஸ் ஓட்டுகிறவர் டியூட்டிக்குப் போய்விட்டார். முக்கால் படம் ஒரு பெட்டிக்குள் போய் முடங்கிவிட்டது. அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட உன்னைத் திட்டவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் அவர்கள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நீ உண்மையைச் சொல்லவில்லை என்பதையும் அவள்தான் சொன்னாள். என்னைக் காப்பாற்றுவதற்காக நீயும் பொய் சொல்ல வேண்டி வந்தது. இதற்கு மேல் எதை எழுதுவது? இதையும் எழுதிவிடுகிறேன். நான் அப்படிக் காப்பாற்றிய விசாவில் ஏழு மாதம்தான் பாக்கி இருந்தது. படிப்பை முடித்த மகனுக்குத் தகப்பன் பெயரில் புதுப்பிக்க முடியாது என்பது ஊருக்கெல்லாம் விதி சொல்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். ஏழு மாதத்துக்காக உன் படத்தை நிறுத்தினேன். அந்த ஏழு மாதத்தில் நீ ஒரு நாள்கூட இங்கே வரவில்லை.

இந்தப் பதிமூன்று மாதமும் வெள்ளிக்கிழமை நான் போனை எடுத்தால், "அம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறாய். கோபமாகக்கூட இல்லை, கடையில் வந்து ஆள் கேட்கிற மாதிரி. கொட்டகையைப் புதிதாக வாங்கியவர் கூரையைப் பிரிப்பதற்கு முன்பு மூன்று நாள் தருகிறார், போன தடவை எடுத்த அதே குளிர்கால வெளிச்சம் வேண்டும் என்பதால் ஜனவரியை விட்டால் கிடையாது, பஸ் ஓட்டுகிறவர் மறுபடி தாடி வளர்க்கிறார் என்பதெல்லாம் அம்மா வழியாகத்தான் எனக்குத் தெரியும். அவள் இதைச் சொன்ன அன்று எனக்கு உயிர் வந்தது. அடுத்த வாரமே ஸ்கேன். டாக்டர் ஒரு திருச்சூர்க்காரம்மா. அவர் தேதி சொன்னதும், ஒரு வாரம் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். "மகள் கல்யாணமா?" என்றார். மகனுக்கு ஷூட்டிங் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் லீவில் போகிறார், வந்த பிறகு என்றால் ஒரு மாதம் ஆகும், அதுவரை விட்டுவைக்க முடியாது என்றார். சர்க்கரை வேறு ஏறிக்கிடக்கிறது, அதை இறக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது டாக்சியில் உன் அம்மா, "நீங்க வாயில வச்சீங்க, அது வந்து உக்காந்துட்டு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் நான் நம்புகிறவன் இல்லை என்று உனக்கே தெரியும். ஆனால் மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு பர் துபாய்க் கோவிலுக்குப் போய், நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று நின்றேன். யாரிடம் சொல்வது, எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியவில்லை. ஒரு விண்ணப்பத்தில் தப்பு வந்தால் கேன்சல் அடிக்கத் தெரியும், இதற்கு வழி தெரியவில்லை. உன்னிடம் சொல்லவே கூடாது என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். "படம் முடியட்டும், தையல் ஆறட்டும், பொறவு சொல்லிக்கிடலாம்" என்றாள். மறைத்தால் அதுவும் பொய்தானே என்றேன். "பொய் சொல்லுததுக்கு உங்களுக்கு மட்டும்தான் லைசென்ஸ் குடுத்திருக்கா?" என்று கேட்டாள். ஒரு வாரம் இதே சண்டை. கடைசியில் நேற்று, "எழுதுறதுன்னா முழுசா எழுதுங்க, பாதிய முழுங்காதீங்க" என்று பேப்பரை எடுத்து முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ வந்து, அந்தப் படம் இரண்டாவது தடவையும் எங்களால் நின்றால், ஷேன் வேறு வேலைக்குப் போய்விடுவான், கொட்டகை இருக்காது, நீயும் இனி கேமராவைத் தொட மாட்டாய். நீ வராமல், செவ்வாய்க்கிழமை ஏதாவது ஆகிவிட்டால், நீ அந்த மழையில் விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நான் எந்த வாயால் போன் செய்வேன்? "அம்மா சீரியஸ்" என்று நான் சொன்னால் நீ நம்புவாயா? நம்பினாலும் வந்து சேர முடியுமா? இந்த இரண்டையும்தான் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு இப்போது விசிட் விசா வேண்டும், நாலு நாளாகும். விண்ணப்பத்தை அடித்து வைத்திருக்கிறேன். உன் பாஸ்போர்ட் காப்பியில் உள்ள பெயரைப் பார்த்து அடித்தபோது, யாரோ ஒரு கஸ்டமரின் பிள்ளை மாதிரி இருந்தது. இன்னும் கொடுக்கவில்லை. போன தடவை டிக்கெட்டை எடுத்துவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை நீ சொல்லாமல் ஒரு காகிதமும் என் கையிலிருந்து நகராது.

நீயும் ஒரு நாள் ஒருத்தியோடு குடும்பம் நடத்துவாய், பிள்ளை பெறுவாய். அப்போது பயம் வரும். பிள்ளை தூரத்தில் இருக்கும்போது வருகிற பயத்துக்கு மருந்து கிடையாது, நீயும் படுவாய். பயம் உச்சத்தில் இருக்கிற நேரத்தில் மட்டும் போனை எடுக்காதே. ஒரு டீ குடி, பக்கத்தில் இருக்கிறவனின் முகத்தைப் பார், அவன் தலையை ஆட்டினால் கேள். இன்னொன்று, பிள்ளையின் நன்மைக்கு என்று எதையாவது செய்யத் தோன்றினால், அது அவனுடைய நன்மையா, உன்னுடைய நிம்மதியா என்று ஒரு தடவை பார்த்துக்கொள். நான் பார்க்கவில்லை. எனக்கு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கப் பயம், அதற்கு உன் மூன்று நாளை எடுத்துக்கொண்டேன். மன்னித்துவிடு என்று தகப்பன் மகனுக்கு எழுதுகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு தம்பி.

இவ்வளவும் எழுதி முடித்து, சத்தம் போட்டுப் படித்துக் காட்டட்டுமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பால்கனிப் பக்கம் உட்கார்ந்து தானே படித்தாள். உன் பத்து வயதுக் கதை வந்த இடத்தில் சிரித்தாள். ஏர்போர்ட் வந்த இடத்தை இரண்டு தடவை படித்தாள். படித்து முடித்து மடித்துக் கையில் கொடுத்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. என் வயிறு, என் ஆபரேசன், நான் பெத்த பிள்ளை. இதுல நான் என்ன நெனைக்கேன்னு ஒரு வரி இல்லியே?"

"எழுதியிருக்கேனே? அவன்கிட்ட சொல்லாதீங்க, படம் முடியட்டும்னு நீ சொன்னத எழுதியிருக்கேன்ல?"

"அது போன வாரம்" என்றாள்.

"இப்ப என்ன நெனைக்க?"

"அத அவன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். உங்ககிட்ட சொன்னா நீங்க வேற மாதிரி சொல்லிருவீங்க."

எனக்குச் சுருக்கென்றது. இருபத்தேழு வருடமாக அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசியிருக்கிறேன். அவள் ஐ.சி.யூ.வில் கிடக்கிறாள் என்று சொல்வதற்குக்கூட அவளைக் கேட்கவில்லை. இதை ஹமீது ஸ்கேன் செய்து ஈமெயிலில் அனுப்புவார். நாளை மாலை ஏழு மணிக்கு, உனக்கு மூன்று மணி, வீட்டுக்குப் போன் செய். அம்மா எடுப்பாள். நான் கீழே இறங்கிப் போய்விடுவேன், அவள் பால்கனியில் வந்து கூப்பிடும்வரை மேலே ஏற மாட்டேன். வா என்று சொல்லப் போகிறாளா, வராதே என்று சொல்லப் போகிறாளா, சத்தியமாக எனக்குத் தெரியாது. எது சொன்னாலும் அதன்படி செய். வேறு மாதிரி ஏதாவது மனதில் இருக்குமோ, அப்பா சொல்லிக்கொடுத்திருப்பாரோ என்று யோசிக்காதே. என் மேல் உனக்கு இருக்கிற சந்தேகத்தை அவள் மேல் வைத்துவிடாதே தம்பி. உன் அம்மா உன்னிடம் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.